அரைப்பேர்

என் பையில் இரண்டு கோப்புகள்.
மஞ்சள், பள்ளிக்கூடத்துக்கு.
நீலம், ஆஸ்பத்திரிக்கு.
மாதம் முழுக்க மழை. ஓரங்கள் ஊறி
இரண்டும் ஒரே நிறமாகிக்கொண்டு வருகின்றன.

காலையில் பத்தாம் வகுப்பு.
'கடந்த இரண்டு வாரங்களில்' என்று தொடங்குகிறது படிவம்.
டில்ருக்ஷி கை உயர்த்துகிறாள்:
எந்த ரெண்டு வாரம் மிஸ்?
கொழுந்து கூடின வாரமா, கொழுந்தே இல்லாத வாரமா?

கொழும்பில் மொழிபெயர்த்த தாள்.
'நாட்டமின்மை' என்ற சொல்லின் முன்னால்
முப்பத்திரண்டு பென்சில்கள் நிற்கின்றன.
விளக்கம் சொல்லக் கூடாது,
எழுதியதை எழுதியபடி வாசிக்கவேண்டும். விதி.
சொன்னேன்:
ஒண்ணுலயும் மனசு ஒட்டாம இருக்கிறது.
சட்டென்று எல்லாத் தலைகளும் கவிழ்ந்து
எழுதத் தொடங்கின.
அந்த வேகம்தான் பயமாயிருந்தது.

தூக்கம் குறைவா, அளவுக்கு அதிகமா?
'அதிகம் எங்க அண்ணனுக்கு மிஸ்,
எனக்கு இல்ல' என்றாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் நீலக் கோப்பில் பதினேழாம் இலக்கம்.
பெயர் எழுதக் கூடாது.
இங்கே எழுதுகிறேன், தினுஷ்காந்த்.
மரக்கறி லொறியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனவன்
நானுஓயாப் பக்கம் ஒரு வளைவில் விழுந்தான்.
ஐந்து மாதமாய்க் கண் திறந்திருக்கிறது.
கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா
என்பதைத்தான் நாங்கள் ஆய்கிறோம்.

பிற்பகல், நுவரெலியா. ஜன்னலுக்கு வெளியே
மலை இருந்த இடத்தில் பனி.
கையளவு கண்ணாடி,
ஹட்டன் கடையில் பவுடர் டப்பாக்களுக்கிடையே வாங்கியது.
முகத்துக்கு நேரே பிடித்து
மெல்ல நகர்த்துகிறேன்.
எல்லாவற்றையும் கைவிட்ட கண்ணும்
தன் முகத்தைக் கைவிடாது
என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.
எட்டு முறை நகர்த்தவேண்டும்.
இரண்டு முறை தொடர்ந்தால்தான் புள்ளி.

மூன்றாம் முறை, இடப்பக்கம்,
கண் வந்தது.
கண்ணாடியோடு கூடவே, கட்டில் விளிம்பு வரைக்கும்.
என் மூச்சு நின்றது, கை நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.
நான்காம் முறை சுவர்.
ஐந்து, சுவர்.
ஆறாவதில் சேலைன் குழாய்.
மிச்சமும் சுவர்.

கதவடியில் அம்மா. கொழுந்துக் கறை போகாத விரல்கள்.
தினமும் கேட்கிற அதே கேள்வி:
'இன்னைக்கு பேரா மிஸ், அரைப்பேரா?'
கணக்குக்கு இரண்டு கிலோ குறைந்தாலும்
மலையில் அரைப்பேராவது விழும்.
எங்கள் அளவுகோலில் அரைப்பேர் கிடையாது.
பூச்சியம் எழுதினேன்.
அவளிடம் என்ன சொன்னேன் என்பது
எந்தக் கோப்பிலும் இல்லை.

இரவு அறையில் மஞ்சள் தாள்களைப் புரட்டினேன்.
டில்ருக்ஷியின் தாளில் எல்லாவற்றுக்கும் 'சில நாட்கள்',
கான் வெட்டினாற்போல் நேர்கோட்டில் எட்டுச் சரிகள்.
ஒன்பதாவது பெட்டி வெறுமை.
வெறுமையைப் பூச்சியம் என்று எண்ணக் கூடாது.
விதிகளில் எனக்குப் பிடித்த ஒரே விதி.
பேராதனைக்குப் போன் எடுத்தேன்.
'நாளைக்கு இல்லை, இப்போதே போ' என்றார் டொக்டர்.

ஆட்டோ ஏறாத கடைசி மேட்டை நடந்து ஏறினேன்.
லயத்துப் பைப்படியில் வாளியோடு நின்றாள்.
ஏன் எழுதல்ல?
'அத பென்சிலால எழுத ஏலாது மிஸ்.
வாயால கேளுங்க.'
கேட்டேன்.
சொன்னாள்.
வாளி நிரம்பி வழிந்து
எங்கள் இருவர் செருப்பும் நனைந்தது.
வியாழக்கிழமை கிளினிக், நானும் கூட வருவேன்,
அதுவரை ராத்திரியில் அத்தை வீட்டில் படுப்பது
என்று பேசி முடித்தோம்.

திரும்பும்போது கூப்பிட்டாள்.
அண்ணன் இன்னைக்குக் கண்ணாடி பாத்தானா?
ஒருதரம்.
எந்தப் பக்கம்?
இடப்பக்கம்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'ஞாயித்துக்கிழமையில
நான் உக்கார்ற பக்கம்.'